மாண்பு என்று யார் சொல்கிறார்கள்?

2003 டிசம்பர். பிரஸ்ஸல்ஸ் நகரில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் சாவியை மறந்துவிட்டு, தன் வீட்டு வாசலிலேயே நின்று அழைப்பு மணியை அடித்துக்கொண்டிருக்கிறான். சீருடை அணியாத போலீஸ்காரர் ஒருவர் வந்து அடையாள அட்டை கேட்கிறார். நீங்கள் போலீஸ் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று பையன் திருப்பிக் கேட்கிறான். பக்கத்திலேயே இருக்கும் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். அங்கே கன்னத்தில் ஓர் அறை. இரண்டரை மாதம் கழித்து அவனுடைய அண்ணனுக்கும் அதே நிலையத்தில் இன்னொரு அதிகாரியின் கையால் ஓர் அறை.

எலும்பு முறியவில்லை, ரத்தம் வரவில்லை. பெல்ஜிய நீதிமன்றங்கள் வழக்கைத் தள்ளிவிட்டன. ஸ்ட்ராஸ்பூர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2013-இல் ஒருமனதாகக் கைவிரித்தது: எரிச்சலில் யோசிக்காமல் விட்ட ஒற்றை அறை, மனித உரிமை மீறல் என்று சொல்லும் அளவுக்குக் கடுமையானது அல்ல. வழக்கு பேரமர்வுக்குப் போனது. 2015 செப்டம்பரில் அங்கே 14-க்கு 3 என்ற கணக்கில் முடிவு தலைகீழானது. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 3-ஆம் பிரிவு தடுக்கும் இழிவுபடுத்தும் நடத்தைதான் இது என்றார்கள்.

அந்தத் தீர்ப்பில் முகத்தைப் பற்றி ஒரு பத்தி வரும். ஒரு மனிதரின் தனித்தன்மை வெளிப்படுவது முகத்தில். சமூகத்தில் அவர் யார் என்று காட்டுவது முகம். பார்வை, பேச்சு, கேட்கும் திறன் எல்லாம் குடியிருப்பது அங்கே. ஆகவே முகத்தில் அறைவது உடம்பில் வேறெங்கோ அடிப்பதைப் போன்றது அல்ல. அதுவும், அடி வாங்குகிறவர் அடிப்பவரின் கட்டுப்பாட்டுக்குள் முழுதாக இருக்கும்போது. சட்டம் இவ்வளவு நெருக்கத்தில் வந்து ஒரு கன்னத்தைப் பார்த்ததை நான் வேறெந்தத் தீர்ப்பிலும் படித்ததில்லை.

தீர்ப்பு எதைப் படித்தாலும் மாறுபட்ட தீர்ப்பை முதலில் படிப்பது என் வழக்கம். தோற்ற தரப்பின் வாதம் எங்கே வலுவானது என்று அங்கேதான் தெரியும். இந்த வழக்கில் மாறுபட்ட மூவரும் அறையை நியாயப்படுத்தவில்லை. சித்திரவதையைத் தடுக்கிற பிரிவுக்குள் ஒற்றை அறையையும் கொண்டுவந்தால் அந்தப் பிரிவே மலிந்துபோகும் என்பது அவர்கள் கவலை. எளிதில் தள்ளிவிட முடியாத கவலைதான். ஆனாலும் பதினான்கு பேர் பக்கம்தான் நான். காரணத்தைக் கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மனித மாண்பு என்ற சொல் சட்டத்துக்குள் பரவலாக வந்தது இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு. 1945-இன் ஐ.நா. சாசன முகவுரையில் இருக்கிறது. 1948-இன் உலக மனித உரிமைப் பிரகடனத்தில் முதல் பிரிவிலேயே இருக்கிறது. 1949-இல் மேற்கு ஜெர்மனி எழுதிக்கொண்ட அடிப்படைச் சட்டம் அதை வைத்தே தொடங்குகிறது: மனித மாண்பு மீற முடியாதது, அதை மதிப்பதும் காப்பதும் அரசு அதிகாரம் முழுவதன் கடமை. நாடாளுமன்றத்தில் எவ்வளவு பெரும்பான்மை இருந்தாலும் அந்த நெறியைத் திருத்த முடியாதபடி பூட்டும் போட்டுவிட்டார்கள். இந்திய அரசமைப்பின் முகவுரையிலும் தனிமனிதரின் மாண்பு உண்டு. வேடிக்கை என்னவென்றால், முகத்தைப் பற்றி அவ்வளவு பேசிய ஐரோப்பிய நீதிமன்றத்தின் மூல உடன்படிக்கையில் இந்தச் சொல்லே கிடையாது. அமெரிக்க அரசமைப்பிலும் கிடையாது. இரண்டு இடத்திலும் நீதிபதிகள்தான் அதை உள்ளே கொண்டுவந்தார்கள்.

சொல் இருக்கிற இடத்திலும் அது இன்னதென்ற விளக்கம் இல்லை. விளக்கினால் எழுதியவர்களுக்குள் உடன்பாடு வந்திருக்காது என்பது என் எண்ணம். கடவுளின் சாயல் என்பவருக்கும், பகுத்தறிவே காரணம் என்பவருக்கும், எதுவும் காரணம் இல்லை அப்படியே ஏற்போம் என்பவருக்கும் ஒரே வாக்கியத்தில் கையெழுத்துப் போட ஒரு சொல் தேவைப்பட்டது. பொருள் சொல்லும் வேலை நீதிபதிகள் தலையில் விழுந்தது.

ஜெர்மனியில் அதற்கு ஒரு வாய்பாடு பிறந்தது. மனிதரை வெறும் பொருளாக, இன்னொரு காரியத்துக்கான கருவியாக அரசு நடத்தினால் அது மாண்பு மீறல். இம்மானுவேல் கான்ட்டின் தத்துவத்திலிருந்து அரசமைப்புச் சட்ட அறிஞர் கியூன்டர் டூரிக் எடுத்துத் தந்தது இது. கேட்க எளிமையாக இருக்கும், வழக்கு என்று வந்தால்தான் அதன் கனம் தெரியும். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது. பயங்கரவாதிகள் கடத்திய பயணிகள் விமானம் ஆயுதமாகத் திருப்பப்பட்டால், பாதுகாப்பு அமைச்சர் அதைச் சுட்டு வீழ்த்த உத்தரவிடலாம். 2006 பிப்ரவரியில் அரசமைப்பு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உள்ளே இருக்கும் குற்றமற்ற பயணிகளைத் தரையில் இருப்பவர்களைக் காக்கும் கருவியாக அரசு ஆக்கிவிடுகிறது என்றது. எப்படியும் அவர்கள் சில நிமிடங்களில் சாகப்போகிறவர்கள்தானே என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. மிச்சமிருக்கும் ஆயுள் எவ்வளவு என்பதைப் பொறுத்து மாண்பு கூடுவதும் குறைவதும் இல்லை. விமானத்தில் தாக்குதல்காரர்கள் மட்டும் இருந்தால்? அப்போது மாண்பு குறுக்கே வராது, தங்கள் செயலின் விளைவைத்தான் அவர்கள் சந்திக்கிறார்கள் என்று அதையும் பிரித்துச் சொன்னார்கள்.

தரையில் நிற்கும் ஆயிரம் பேரில் என் வீட்டாரும் இருந்தால் இந்தத் தீர்ப்பை நான் எப்படிப் படிப்பேன் என்று தெரியவில்லை. ஆனால் நீதிமன்றம் கேட்ட கேள்வி எனக்குப் பிடிபடுகிறது. கணக்குப் போட்டு ஆளைக் கொல்லும் அதிகாரத்தை அரசுக்குச் சட்டமாக எழுதிக் கொடுக்கலாமா? அந்த நேரத்தில் ஒரு விமானி என்ன செய்வார் என்பது வேறு, அதைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றுவது வேறு.

விமானத்தை விடக் கைவிலங்கில் இந்த வாய்பாடு தெளிவாகத் தெரிகிறது. 1980-இல் இந்திய உச்ச நீதிமன்றத்தில் பிரேம் சங்கர் சுக்லா வழக்கு. டெல்லி திகார் சிறையில் இருந்த ஒரு கைதி நீதிபதி ஒருவருக்குத் தந்தி அடிக்கிறார்: என்னையும் மற்றவர்களையும் நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போகும்போது கட்டாயமாக விலங்கு பூட்டுகிறார்கள். தந்தியே மனுவாக ஏற்கப்பட்டது. அப்போது நடப்பிலிருந்த போலீஸ் விதியில் ஓர் ஏற்பாடு இருந்தது. ‘உயர் வகுப்பு’ விசாரணைக் கைதிகளுக்குச் சாதாரணமாக விலங்கு வேண்டாம், மற்றவர்களுக்குப் பூட்டலாம். படிப்பும் பணமும் உள்ளவர் தப்பி ஓடமாட்டார், ஏழை ஓடுவார் என்பதுதானே அதன் பொருள்? நீதிபதி கிருஷ்ணய்யர் அமர்வு அந்தப் பாகுபாட்டையும் வழக்கமாக விலங்கு பூட்டுவதையும் சேர்த்தே அடித்துத் தள்ளியது. தப்பிவிடுவார் என்பதற்கு உறுதியான காரணம் இருந்தால், அதை எழுத்தில் பதிவு செய்து, நீதிபதியிடமும் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே விலங்கு. காரணத்தை எழுது என்ற அந்த ஒரு நிபந்தனையில்தான் மாண்பு இருக்கிறது. எழுதச் சொன்னால்தான் எதிரில் நிற்பவரை ஓர் ஆளாக ஒருமுறையாவது பார்க்க வேண்டிவரும்.

சிறை வழக்குகளில் இந்தச் சொல் அளவுகோலாகவே மாறிவிடும். பலர் சேர்ந்திருக்கும் அறையில் ஆளுக்கு 3 சதுர மீட்டருக்குக் குறைவான இடம் என்றால் உரிமை மீறல் என்றே வலுவாக ஊகிக்கப்படும், இல்லையென்று காட்டும் பொறுப்பு அரசுடையது. இது குரோவேஷியக் கைதி ஒருவரின் வழக்கில் 2016-இல் ஐரோப்பிய நீதிமன்றம் உறுதிசெய்தது. கழிப்பறை இடம் கணக்கில் சேராது, கட்டில் மேசை இருக்கும் இடம் சேரும். அமெரிக்காவில் 2011-இல் கலிபோர்னியச் சிறை நெரிசல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்போடு புகைப்படங்களையே இணைத்தது. தற்கொலை எண்ணம் உள்ள கைதிகளை அடைத்துவைக்கும், தொலைபேசிக் கூண்டு அளவே உள்ள கூண்டுகளின் படமும் அதில் உண்டு. அதில் ஒருவரை ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க அடைத்துவைத்திருந்தார்கள். தன் சிறுநீரிலேயே நின்றபடி, எந்த அசைவுமின்றி உறைந்துபோன நிலையில் ஒரு மனநல நிபுணர் அவரைப் பார்த்திருக்கிறார். வைக்க வேறு இடமில்லை என்பது அதிகாரிகள் சொன்ன காரணம். கைதிகளின் எண்ணிக்கையைக் கட்டட வசதியின் 137.5 விழுக்காட்டுக்குக் குறைக்க வேண்டும் என்ற உத்தரவு உறுதியானது. கைதிகளுக்கும் மாண்பு உண்டு என்று நீதிபதி கென்னடி எழுதினார்.

இவையெல்லாவற்றிலும் ஒரு மனிதர் அரசின் கைக்குள் இருக்கிறார், மாண்பைப் பற்றிப் பேசுகிறவர் அவர்தான். இந்த இடத்தில் எனக்குச் சிக்கலே இல்லை. சொல்லுக்கு அகராதியில் பொருள் இல்லாவிட்டாலும் கன்னமும் மணிக்கட்டும் அறையின் நீள அகலமும் பொருள் சொல்லிவிடுகின்றன.

சிக்கல் எங்கே என்றால், அந்த மனிதருக்கு எதிராகவே அவருடைய மாண்பை அரசு எடுத்துப் பேசும்போது.

பிரான்சில் 1991-இல் நடந்தது இது. உயரம் மிகக் குறைந்த ஒருவர் கேளிக்கை விடுதிகளில் ஒரு நிகழ்ச்சி நடத்திவந்தார். பாதுகாப்புக் கவசம் அணிந்துகொள்வார், வந்தவர்கள் அவரைத் தூக்கிக் காற்று மெத்தையின் மேல் எறிவார்கள். பாரிஸுக்கு அருகே மோர்சாங் சூர் ஓர்ஜ் நகர மேயர் அதைத் தடை செய்தார். அந்த மனிதரே வழக்குப் போட்டார். வெர்சாய் நிர்வாகத் தீர்ப்பாயம் அவர் பக்கம் நின்றது. 1995 அக்டோபரில் உச்ச நிர்வாக நீதிமன்றம் அதை மாற்றியது: மனித மாண்பை மதிப்பது பொது ஒழுங்கின் ஒரு கூறு, ஆகவே சம்பந்தப்பட்டவர் சம்மதித்தாலும் தடை செல்லும். அவர் ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போனார். எனக்கு வேறு வேலை கிடைப்பதில்லை, வேலை இருப்பதுதான் மாண்பு, அதை நீங்கள் பறித்துவிட்டீர்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். 2002-இல் குழுவும் அவருக்கு எதிராகவே முடிவு சொன்னது. தடையில் பாரபட்சம் இல்லையாம்.

அந்த நிகழ்ச்சி ரசிக்கத் தக்கதா என்று கேட்டால் இல்லை, பார்க்கக் கூசும். அவரைப் போன்ற மற்றவர்களைத் தெருவில் போகிறவர்கள் கேலிப்பொருளாகப் பார்க்க அது வழி வகுக்கும் என்ற வாதத்தையும் நான் லேசாக எடுக்கமாட்டேன். அது உண்மையிலேயே மற்றவர்களுக்கு நேரும் தீங்கு, அதன் பேரில் தடை போட்டிருந்தால் விவாதித்திருக்கலாம். நீதிமன்றம் அந்த வழியில் போகவில்லை. உன் மாண்பு என்னவென்று உன்னைவிட எனக்குத் தெரியும் என்றது. தடை போட்டவர்கள் யாரும் அவருக்கு மாற்று வேலை தர வேண்டும் என்று உத்தரவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

1981-இல் ஜெர்மனியின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் செய்ததும் இதுவே. காசு போட்டால் சிறு சன்னல் திறந்து உள்ளே ஆடையற்ற பெண்ணைப் பார்க்கும் காட்சிக்கூடத்துக்கு உரிமம் இல்லை என்றது. அந்தப் பெண் பொருளாகிறாள், அவள் சம்மதித்தது கணக்கில் வராது. மேடையில் ஆடை களையும் நடனத்துக்கு இந்தக் குறை இல்லை என்று அதே தீர்ப்பு வேறுபடுத்தியது. இரண்டுக்கும் நடுவே மாண்பின் எல்லைக்கோட்டை நீதிபதிகள் எந்த அளவுகோலை வைத்துப் போட்டார்கள்? எத்தனை முறை படித்தாலும் அங்கே ரசனைதான் எனக்குத் தெரிகிறது.

இதைவிட உறுத்துவது தென்னாப்பிரிக்காவின் 2002 வழக்கு. மரண தண்டனையை 1995-இல் பதினொரு நீதிபதிகளும் ஒருமித்து ஒழித்து, உலகத்துக்கே மாண்புப் பாடம் எடுத்த அதே அரசமைப்பு நீதிமன்றம். பாலியல் தொழிலைக் குற்றமாக்கும் சட்டம் செல்லும் என்று ஆறு பேர் சொன்னார்கள். மாறுபட்ட ஐவர் சார்பில் நீதிபதிகள் ஓரீகனும் சாக்ஸும் எழுதினார்கள். சட்டத்தின் சுமை பெரும்பாலும் பெண்கள் மேலேயே விழுகிறது, அது பாரபட்சம் என்று சரியாகவே பிடித்தார்கள். ஆனால் மாண்பு என்று வந்ததும் அவர்களும் சறுக்கினார்கள். அந்தப் பெண்களின் மாண்பு குறைந்திருந்தால் அதற்குக் காரணம் சட்டம் அல்ல, தொழிலின் தன்மையே என்றார்கள். பெண்கள் பக்கம் நின்றவர்களே எழுதியது அது. இருபது ஆண்டு கழித்து, 2022 மே மாதம், இந்திய உச்ச நீதிமன்றம் அதே தொழிலில் இருக்கும் பெண்களைப் பற்றி வேறு திசையில் பேசியது. தொழில் எதுவானாலும், உயிர் வாழும் உரிமையைத் தரும் அரசமைப்பின் 21-ஆம் பிரிவின்படி மாண்போடு வாழும் உரிமை உண்டு. போலீஸ் அவர்களை மாண்போடு நடத்த வேண்டும், வாயாலோ கையாலோ வதைக்கக் கூடாது. ஆதார் அட்டை கிடைக்க வழி செய்ய வேண்டும். ஒரே சொல்லை வைத்து ஒரு நீதிமன்றம் தொழிலைப் பார்த்தது, இன்னொன்று அந்தப் பெண்ணிடம் நடந்துகொள்ளும் போலீஸ்காரரைப் பார்த்தது.

ஆகவே மாண்பு என்ற சொல் வரும் தீர்ப்பைக் கையில் எடுத்தால் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான். அதைச் சொல்வது யார்? நடத்தப்பட்ட விதத்தைப் பற்றி அந்த மனிதரே சொல்கிறாரா, அவர் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி அவருக்கு மேலே இருப்பவர் சொல்கிறாரா? பிந்தையது என்றால் இரண்டு மடங்கு கவனத்தோடு படிக்கிறேன். இது எல்லா வழக்குக்கும் பொருந்தாது, தெரியும். வறுமை பிடித்துத் தள்ளிய சம்மதம் சம்மதம்தானா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்குப் பதில், தள்ளிய வறுமையை விசாரிப்பது. தள்ளப்பட்டவரை விசாரித்து என்ன பயன்?

இந்தச் சொல்லை எடைக்கல்லாகப் பயன்படுத்திப் பார்த்துக் கைவிட்ட நீதிமன்றமும் உண்டு. கனடாவில், கணவரை இழந்தபோது முப்பது வயதே ஆகியிருந்த பெண்ணுக்கு வயதைக் காரணம் காட்டி வாழ்க்கைத்துணை ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. இது பாரபட்சம் என்று அவர் போட்ட வழக்கில், 1999-இல், மாண்பு பாதிக்கப்பட்டதா என்பதையே உச்ச நீதிமன்றம் சோதனையாக வைத்தது. இளையவர், தேறிவந்துவிடுவார், மாண்பு பாதிக்கப்படவில்லை, ஆகவே தோற்றார். அதற்குப் பின் சமத்துவ வழக்குகளில், வேறுபாடாக நடத்தினார்கள் என்று காட்டியதோடு, அதனால் மாண்பும் போயிற்று என்று நிரூபிக்கும் சுமையும் வழக்காடுபவர் தலையில் ஏறியது. 2008-இல் அதே நீதிமன்றம் இந்தச் சோதனை குழப்பமானது, கூடுதல் சுமையாகிவிட்டது என்று ஒப்புக்கொண்டு கழற்றி வைத்தது. தன் அளவுகோலையே தவறு என்று சொல்லும் நீதிமன்றங்கள் குறைவு.

அமெரிக்காவில் 2015-இல் ஒருபாலினத் திருமணத் தீர்ப்பில் நீதிபதி தாமஸ் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு எனக்கு முற்றிலும் எதிர்த்திசை, ஆனாலும் அடிக்கடி திரும்பப் படிப்பேன். அரசு மாண்பைத் தரவும் முடியாது, பறிக்கவும் முடியாது. அடிமைகளாக வைக்கப்பட்டவர்கள் அதனால் மாண்பை இழந்துவிடவில்லை என்கிறார். தத்துவமாக அது சரிதான். ஆனால் பறிக்க முடியாத ஒன்றை நீதிமன்றம் எதற்குக் காக்க வேண்டும்? பிரஸ்ஸல்ஸ் பையன் அறை வாங்கியபோதும் மாண்புள்ளவன்தான். அதை இல்லாதது போல அதிகாரி நடத்தினார் என்பதுதானே வழக்கு. பதினான்கு பேர் பக்கம் நான் நிற்பதும் இதனால்தான். காயத்தின் ஆழத்தை அளந்தால் அந்த அறை சின்னது, கைக்குள் இருப்பவரை ஆளாக மதிக்கவில்லை என்பதை அளந்தால் சின்னது அல்ல.

வயிற்றுப்பாட்டு வழக்குகளில் இந்தச் சொல் இன்னொரு வகையில் வேலை செய்கிறது. 1981-இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் பிரான்சிஸ் கோரலி முல்லின் வழக்கில் நீதிபதி பகவதி, உயிர் வாழும் உரிமை என்பது விலங்கைப் போல வெறுமனே உயிரோடு இருப்பது அல்ல என்றார். போதிய உணவு, உடை, தலைக்கு மேல் கூரை, படிக்க எழுத வசதி, மற்ற மனிதரோடு கலந்து பழகுவது எல்லாம் அதில் அடக்கம் என்றார். அந்த வழக்கு என்னவோ தடுப்புக்காவலில் இருந்த ஒரு தாய் தன் ஐந்து வயது மகளை அடிக்கடி பார்க்க விடுவது பற்றியது. இந்தியாவில் பின்னால் எழுந்த எத்தனையோ உரிமைகளுக்கு அந்தச் சந்திப்பு அறைதான் அடித்தளம். ஜெர்மனி 2010-இல் இன்னும் நுணுக்கமாக இறங்கியது. வேலையில்லாதோர் உதவித்தொகையில் குழந்தைக்கான பங்கு, பெரியவருக்கான தொகையில் இத்தனை விழுக்காடு என்று வெட்டி ஒதுக்கப்பட்டிருந்தது. குழந்தைகள் சின்ன உருவத்தில் இருக்கும் பெரியவர்கள் அல்ல, பள்ளிப் புத்தகமும் கணக்குக் கருவியும் யார் கணக்கில் வந்தன என்று கேட்டு, தொகையைக் கண்டுபிடித்த முறையையே நீதிமன்றம் செல்லாது என்றது. எவ்வளவு தர வேண்டும் என்று அது சொல்லவில்லை, எப்படிக் கணக்கிட்டாய், காட்டு என்றது. 2012-இல் புகலிடம் கேட்டு வந்தவர்களுக்கு 1993 முதல் ஏற்றப்படாமலே கிடந்த உதவித்தொகை வழக்கு வந்தது. தொகையைக் குறைவாக வைத்தால் ஆட்கள் வருவது குறையும் என்ற யோசனைக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. குடியேற்றக் கொள்கையை முன்னிட்டு மனித மாண்பைக் குறைத்துக்கொள்ள முடியாது என்று ஒரே வரியில் முடித்தது. வளவளவென்று எழுதும் நீதிபதிகள் படிக்க வேண்டிய வரி.

சாவு பற்றிய வழக்குகளில் மாண்பின் இரண்டு முகமும் ஒரே படுக்கையருகே வந்து நிற்கின்றன. 2020 பிப்ரவரியில் ஜெர்மன் நீதிமன்றம், தன் உயிரை முடித்துக்கொள்வதைத் தானே தீர்மானிப்பதும் அதற்கு உதவி பெறுவதும் ஒருவரின் உரிமை என்றது. உதவியை ஒரு சேவையாக நடத்துவதற்கு இருந்த தண்டனைச் சட்டப் பிரிவு வீழ்ந்தது. 1981-இல் சம்மதம் கணக்கில் வராது என்ற நாட்டில், இம்முறை ஒருவரின் சொந்த முடிவே மாண்பின் மையமாயிற்று. பதிலாக என்ன விதி வேண்டும் என்று முன்வைக்கப்பட்ட இரண்டு மசோதாக்களும் 2023 ஜூலையில் நாடாளுமன்றத்தில் தோற்றன. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் அந்த அளவு போகவில்லை. மீள வழியில்லாத நோயாளிக்குச் செயற்கையாக உயிரை இழுத்துப் பிடிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம், கண்ணியத்தோடு சாவதும் 21-ஆம் பிரிவில் அடங்கும் என்றது. ஆனால் அந்தக் காகிதத்தில் இரண்டு சாட்சிகளோடு ஒரு நீதித்துறை நடுவரும் கையெழுத்திட வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. அந்தக் கையெழுத்தை வாங்க நடப்பவர் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. நடைமுறைக்கே ஒத்துவரவில்லை என்று மருத்துவர்கள் அமைப்பு மறுபடி நீதிமன்றத்துக்குப் போன பிறகு, 2023 ஜனவரியில், நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு அலுவலர் முன்னிலையில் செய்தால் போதும் என்று தளர்த்தினார்கள். உரிமையை அறிவித்த தீர்ப்பு நூற்றுக்கணக்கான பக்கம். அதைக் கைக்கு எட்டும்படி செய்தது நடைமுறையில் சில திருத்தங்கள், அதற்கும் ஐந்து ஆண்டு ஆயிற்று.